எதிரே ஒரு காலி நாற்காலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் சுடுகாடு இல்லை, நாய் ஊளையிடவில்லை, இருட்டுகூட இல்லை. எல்லாம் பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, உலகமே கொட்டாவி விடும் நேரத்தில் நடந்தது. ஆனால் நடந்தது. போனில் பதிவானதை என் இரண்டு காதாலும் கேட்டேன். கடைசியாக நடந்ததற்கு நானே சாட்சி. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

நடந்தது என் நாத்தனார் மகளுக்கு. வீட்டில் அவளை நண்டு என்று கூப்பிடுவோம். தவழ்கிற வயதில் நேராகப் போகவே மாட்டாள், பக்கவாட்டில்தான் போவாள். கல்லூரியில் இந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் தூக்கில் தொங்குவேன் என்று அம்மாவை மிரட்டி வைத்திருந்தாள்.

கடைசி வருடம். ஆனர்ஸ் பட்டம் வேண்டுமென்றால் ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சாதாரணப் பட்டம். சாதாரணப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன குறைந்துபோயிற்று என்று கேட்கலாம். அவளுக்கு வெளியூரில் உதவித்தொகையோடு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனர்ஸ் இருந்தால்தான் அந்த இடம். இல்லையென்றால் அப்பாவின் போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சைஸ் படம் வெட்ட வேண்டியதுதான். அதை அவர் ஆசையோடு எதிர்பார்த்துக்கொண்டும் இருந்தார்.

ஆய்வு என்னவென்றால், ஒரு மருத்துவமனையின் மருந்துக் கவுண்டர் வரிசை. ‘அவசரம், கொஞ்சம் வழி விடுங்க’ என்று ஒருவர் முன்னால் வந்தால் யார் விடுகிறார்கள், யார் முறைக்கிறார்கள். மூன்று மாதம் நோட்டும் பேனாவுமாக அங்கேயே நின்று குறித்தாள். கால் வீங்கியது. நோட்டுகள் நிறைந்தன. எழுத உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒரு வரி அடிப்பாள், அழிப்பாள். மறுபடி அதே வரியை அடிப்பாள். முகப்புப் பக்கத்தை மட்டும் பதினோரு விதமாகச் செய்து வைத்திருந்தாள்.

அவளுக்கு வழிகாட்ட வேண்டிய கைடு ஒரு தனிப் பிறவி. மெயில் போட்டால் மூன்று வாரம் கழித்து ‘பார்க்கிறேன்’ என்று ஒரு வார்த்தை வரும். நேரில் போய் நின்றால், இன்னும் ஆழமாகப் போ என்பார். எங்கே போவது, எப்படிப் போவது என்று சொல்ல மாட்டார். அதற்குள் கூடப் படிக்கும் தோழி முடித்துவிட்டு, பைண்டிங்குக்கு நீலமா மெரூனா என்று இவளிடமே வந்து கேட்டாள். வீட்டிலோ, தட்டில் சோறு விழும்போதெல்லாம் அம்மா ‘எவ்வளவு ஆச்சு?’ என்பாள். ஒருநாள் நண்டு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, என் வீட்டுக்கு வந்து, என் சமையலறையில் நின்றுகொண்டு ஓவென்று அழுதாள். நான் அடுத்த தெருதான்.

கடைசியில் மாணவர் உதவி அறைக்குப் போனாள். அங்கே ஓர் ஆலோசகர் அம்மா இருந்தார். வருடம் முழுக்க ஜலதோஷம், கையில் எப்போதும் டிஷ்யூ. அதில் ஒன்றை இவளுக்கும் உருவிக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னார்.

“எழுதாதம்மா. பேசு.”

எதிரே ஒரு காலி நாற்காலி போட்டுக்கொள்ள வேண்டும். போனில் பதிவை ஓட விட வேண்டும். நாற்காலியில் ஆள் இருப்பதாக நினைத்து, நீ கண்டுபிடித்ததை அவருக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய், சொன்னதை அப்படியே டைப் அடித்தால் ஆய்வேட்டின் முதல் வரைவு தயார். இதற்கென்றே மூன்றாவது மாடியில், கோடியில், ஓர் அறையை ஒதுக்கியிருந்தார்கள். போன வருடம் ஒரு பையன் இதே மாதிரி அழுதுகொண்டு வந்தான், ஒரே மாதத்தில் முடித்தான், இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறான் என்று ஆலோசகர் பெருமையாகச் சொன்னார்.

நண்டுக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் போனாள்.

ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, லேசாகக் கிறீச்சிடும் மின்விசிறி. ஜன்னலில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மணி இரண்டரை. முதல் பத்து நிமிடம் வெட்கமாக இருந்ததாம். பிறகு வாய் ஓட ஆரம்பித்தது. கால் வீங்கியதிலிருந்து ஆரம்பித்து முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தாள்.

வீட்டுக்கு வந்து டைப் அடிக்க உட்கார்ந்தாள். நன்றாகவே வந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் பதிவில் அவள் குரல் நின்றது.

மின்விசிறிச் சத்தம் மட்டும். கிறீச்... கிறீச்...

பிறகு அவள் குரல்.

“ஆமா. ஆனா அது ரெண்டாவது வாரத்துலதான்.”

நண்டு பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். பேச்சை நிறுத்தியதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. எதற்கு இந்த ‘ஆமா’? யார் என்ன கேட்டார்கள்? இன்னும் சற்று ஓட்டினாள். மறுபடி மௌனம். மறுபடி அவள் குரல்.

“இல்லண்ணா.”

அவளுக்கு அண்ணன் கிடையாது. ஒரே பிள்ளை.

அப்போது பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது என்றாள். முக்கால் மணி நேரத்தில் பாதியை உளறி வீணடித்துவிட்டேனே என்று. அதைவிடக் கடுப்பு, அந்த மௌனங்களுக்குப் பிறகு வந்த வரிகள்தான் நன்றாக இருந்தன. நான்கு பக்கம் தேறியது. எட்டு மாதத்தில் தேறாத நான்கு பக்கம்.

அடுத்த நாளும் போனாள். அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு பதிவிலும் மௌனங்கள் நீண்டன. ஒவ்வொன்றும் ஒருவர் ஒரு கேள்வியை நிதானமாகக் கேட்டு முடிக்கிற அளவுக்கு இருந்தது. நான்காம் நாள் பதிவில், நீண்ட ஒரு மௌனத்துக்குப் பிறகு இப்படிச் சொல்லியிருந்தாள்.

“என்னைத்தான். வரிசையில எல்லாரையும் எண்ணினேன், என்னை எண்ணல. நான் நோட்டோட நின்னதாலதான் பாதிப் பேர் வழி விட்டாங்க. யாரோ பார்க்கறாங்கன்னா எல்லாரும் நல்லவங்கதான்.”

அந்த ஒரு வரியில் ஆய்வேடு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. அனுப்பிய அன்றே கைடு ‘மிக நன்று’ என்று பதில் போட்டார். இரண்டு வார்த்தை. நண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாதமாக இந்த மனிதர் கேட்காத கேள்வியை ஒரு நாற்காலி கேட்டிருக்கிறது. என்ன கேள்வி என்றுகூட இவளுக்குத் தெரியாது. பதில் மட்டும்தான் கையில் இருந்தது.

தோழியிடம் சொன்னாள். ஆய்வேடு எழுதுகிற காலத்தில் எல்லோரும் தனக்குத்தானே பேசுவார்கள், அதற்கென்ன என்று அவள் மெரூன் அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

சரி, சோதித்துவிடுவோம் என்று நண்டு முடிவு செய்தாள். மறுநாள் பதிவை ஓட விட்டுவிட்டு வாயே திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காகம் வந்ததும் போனதும்கூட ஞாபகம் இருந்தது. நிறுத்தினாள். எழுந்தாள்.

தொண்டை வறண்டிருந்தது.

வீட்டில் போட்டுக் கேட்டாள்.

இருபது நிமிடமும் அவள் பேசியிருந்தாள்.

நடுநடுவே மௌனம். சத்தத்தை முழுதாக ஏற்றி வைத்து மௌனங்களை மட்டும் கேட்டாள். மின்விசிறி. அதற்குப் பின்னால், எங்கோ தூரத்தில்...

டிங்.

லிப்ட் வந்து நிற்கிற மணி. அந்தக் கட்டிடத்தில் லிப்ட் கிடையாது.

இனி அங்கே போகவே மாட்டேன் என்று என்னிடம் வந்து சொன்னாள். நானும் வேண்டாம் என்றேன். முடிவுரை மட்டும்தான் பாக்கி, வீட்டிலேயே எழுது என்றேன். மூன்று நாள் உட்கார்ந்தாள். பழைய குருடி கதவைத் திறடி என்று அதே ஒரு வரியை அடித்து அடித்து அழித்தாள். கொடுக்க வேண்டிய நாள் வாசலில் வந்து நின்றது. அப்பா ஸ்டூடியோவில் அவளுக்கென்று ஒரு புது ஸ்டூல் வாங்கிப் போட்டார். ஸ்டூலைப் பார்த்தாள், பையை எடுத்தாள், அந்த அறைக்கே போய்விட்டாள்.

அன்றைக்கு முடிவுரையைச் சொன்னதுதான் அவளுக்கு ஞாபகம். வேறு ஒன்றும் இல்லை.

பதிவில் முடிவுரை இருந்தது. அழகாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மௌனம். ஒரு நிமிடத்துக்கு மேல்.

டிங்.

“நானா?”

மௌனம்.

“எத்தனை நாளைக்கு?”

மௌனம்.

“ஒரு வருஷம்தானே... சரிண்ணா. உட்கார்றேன்.”

அப்புறம் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். அவளுடையது இல்லை. எதிர்ப்பக்கத்தில்.

இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். நானும் கேட்டேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை கேட்டேன். தூக்கமில்லாமல் கிடந்தால் இப்படித்தான், போய்ச் சாப்பிட்டுத் தூங்கு என்று அதட்டி அனுப்பினேன். அவள் போனதும் வீட்டிலிருந்த காலி நாற்காலிகளையெல்லாம் மேசைக்கு அடியில் தள்ளி வைத்தேன். பயந்துவிட்டேன், வேறென்ன?

ஆய்வேட்டைக் கொடுத்தாள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னாள். ஏற்கெனவே யாரோ கேட்டுப் பழக்கிவிட்டது மாதிரி இருந்ததாம். ஆனர்ஸ் கிடைத்தது. வெளியூர் போனாள். ஸ்டூல் மட்டும் ஸ்டூடியோவில் சும்மா கிடந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

போன இடத்தில் அவளுக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது.

இரவில் இல்லை. மதியத்தில். இரண்டரை மணி வாக்கில், தன் மேசையில் உட்கார்ந்தபடியே, நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடியே தூங்கிப்போவாள். விழித்தால் தொண்டை வறண்டிருக்கும். மேசைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கேன் வைத்த ஒரு கூலர். எழுந்ததும் இரண்டு டம்ளர் பிடித்துக் குடிப்பாள். டாக்டர் இரும்புச் சத்து குறைவு என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, தூக்கம் தீரவில்லை. வகுப்பில் இவளைக் கேலி செய்தார்கள். பேராசிரியர் ஒருமுறை கூப்பிட்டுக் கண்டித்தார். இவ்வளவு பாடுபட்டு வந்து, தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கவா என்று போனில் என்னிடம் பொருமினாள்.

அப்புறம்தான் ஆலோசகர் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். இந்த வருடம் ஒரு பெண், பூங்கா பெஞ்சுகளைப் பற்றி ஆய்வு, யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று. அவளும் திணறினாள், அவளுக்கும் அந்த அறைதான் கை கொடுத்தது, இப்போது உன்னிடம் ஏதோ கேட்க வேண்டுமாம் என்றார்.

அந்தப் பெண் பேசவில்லை. ஒரு பதிவை அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். ‘அக்கா, இது நீங்களா?’

நண்டு கேட்டாள். மின்விசிறி, கிறீச்... கிறீச்... முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரல், பெஞ்சுகளைப் பற்றி. பிறகு மௌனம். மௌனத்துக்குப் பின்னால், தூரத்தில்...

குபுக்.

தண்ணீர்க் கேனில் காற்றுக் குமிழி ஏறுகிற சத்தம்.

அப்புறம் அந்தப் பெண் சொன்னாள்.

“சரி, நண்டக்கா.”

நண்டு அன்றே ஆலோசகரிடம், தனக்கு முந்தைய வருடம் அந்த அறைக்குப் போன பையனின் எண்ணை வாங்கினாள். அவன் எடுத்தான். இவள் பெயரைச் சொல்வதற்குள் அவன் கேட்டான்.

“மதியம் தூக்கம் வருதா?”

இவள் ஆமாம் என்றாள்.

“எனக்கு நின்னுபோச்சு. நீ சரின்னு சொன்ன அன்னிக்கே நின்னுபோச்சு.”

அவன் பின்னால் டிங் என்று கேட்டது. ஆபீஸில் அவன் சீட் லிப்டுக்கு எதிரேதானாம். உங்களிடம் யார் கேட்டார்கள், அவருக்கு முன்னால் யார் என்று நண்டு கேட்டாள். அதெல்லாம் வேண்டாம் என்றான். வரிசை நகரும், பயப்படாதே என்றான். வைத்துவிட்டான். மறுபடி எடுக்கவே இல்லை.

வரிசை என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததாம்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒரு மதியம் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை மடியில் சரிந்தது. கண் மூடிவிட்டது. முதுகு மட்டும் நேராக இருந்தது.

உதடு அசைந்தது.

“அந்தக் கிழவர் பெஞ்சுல எந்த ஓரம் உட்காருவார்?”

துணியைப் போட்டுவிட்டு அவள் அருகில் போனேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. காது கொடுத்துக் கேட்பவள் மாதிரி தலையை ஆட்டினாள்.

“நல்லா இருக்கு. அதையே முடிவுரையா வச்சுக்க.”

மறுபடி ஒன்றும் இல்லை.

“முடிச்சிட்டல்ல? இனி நீ உட்கார்றியா?”

...

“எதிர்ப்பக்கம்.”

...

“ஒரு வருஷம்தான்.”

...

அவள் முகம் சுருங்கியது. கண் மூடியபடியே கண்ணீர் வழிந்தது.

“போகாத. ஏய்... போகாத.”

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். எழவில்லை. கத்தினேன். “நண்டு! எழுந்திருடி! நண்டு!” அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும். வெகு நேரம் கழித்துத்தான் கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். என்ன கனவு என்று கேட்டேன். கனவே வரவில்லை என்றாள். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து கடைசிப் பதிவு வந்தது. ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று, இனி அந்த அறைக்குப் போக மாட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். பதிவில் இருந்த தேதி, நண்டு என் கூடத்தில் தூங்கிய அதே நாள். அந்தக் கல்லூரி என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். இருவரும் ஆளுக்கு ஓர் இயர்போன் வைத்துக் கேட்டோம்.

“வலது ஓரம்க்கா. இடப்பக்கம் யாருக்கோ விட்டு வச்ச மாதிரி.”

மௌனம்.

“முடிச்சிட்டேன்க்கா.”

மௌனம்.

“எங்கே?”

மௌனம்.

“எவ்வளவு நாள்?”

மௌனம்.

“இல்லக்கா. நான் மாட்டேன்.”

நாற்காலி தள்ளப்பட்டது. காலடிகள் ஓடின. கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. ஓடிய அவசரத்தில் போனை மேசையிலேயே விட்டுவிட்டாள், பிறகு ஆள் அனுப்பித்தான் எடுத்தாளாம். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. ஆளில்லாத அறை. மின்விசிறி.

கிறீச்...

கிறீச்...

பிறகு, எங்கோ தூரத்திலிருந்து, ஒரு பெண்ணின் கத்தல்.

“நண்டு! எழுந்திருடி! நண்டு!”

என் குரல்.

நான் இயர்போனைக் கழற்றினேன். நண்டு கழற்றவில்லை. பதிவு தீரும்வரை கேட்டாள். அவள் வரிசையில் நின்று எண்ணிய ஆட்களில் எத்தனையோ பேர் முடியாது என்று முறைத்திருக்கிறார்கள். அவர்களையெல்லாம் தனிப் பத்தியில் எழுதியவள்தான். ஆனால் தனக்குப் பின்னால் நிற்பவர் முடியாது என்று சொல்லிவிட்டுப் போகக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“மாட்டேன்னுட்டா அத்தை,” என்றாள்.

இன்னொருத்தர் வருவாங்கடி, அடுத்த வருடமும் யாராவது அழுதுகொண்டு அந்த ஆலோசகரிடம் போகத்தான் போகிறார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டரை.

“கொஞ்சம் தண்ணி எடுத்து வைங்க அத்தை,” என்று சொல்லிவிட்டு, கொட்டாவி விட்டாள்.